வரிசையில் இரண்டாவது ஆள்

செப்டம்பர் 8, ஞாயிறு

நீலக்கோல் கிடைத்துவிட்டது! பதினான்கு மாதம் காத்திருந்து, இன்று மாலை 5.10க்கு என் பையில் வந்து விழுந்தது. எட்வின் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்காட்டி வீட்டயே ரெண்டாக்கின? வெளக்குமாத்துக் கட்டைக்கு நீலப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவரிடம் காட்டியது என் தப்பு.

இந்த நோட்டை வேறு யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். இது ஒரு கணினி விளையாட்டு. அதில் எங்கள் கில்டின், அதாவது குழுவின், பெயர் ஆலங்கட்டி. முப்பது பேர். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆளுக்கொரு ஊரிலிருந்து கணினி முன்னால் உட்காருவோம், சேர்ந்து பூதத்தை அடிப்போம், அது செத்தால் தரும் சாமானைப் பங்கு போடுவோம். நான் வைத்தியர். அடிபட்டவரைக் குணப்படுத்துவதும் இறந்தவரை எழுப்புவதும் என் வேலை. அதோடு ஒன்பது வருடமாக கில்டின் நடுவரும் நான்தான். யாருக்கு எது பங்கு, யார் எப்படிப் பேச வேண்டும், யார் தப்புச் செய்தால் என்ன தண்டனை என்று இருபத்து மூன்று விதிகள் இருக்கின்றன. இருபத்து மூன்றையும் எழுதியவள் நானே. ஹெப்சி அக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பார்கள்.

நீலக்கோலுக்கு வரிசை உண்டு. முதல் ஆள் கஜரூபன், வவுனியாக்காரர், எங்கள் மந்திரவாதி. இரண்டாவது ஆள் நான். பூதம் சாகும்போது அதன் மண்டபத்துக்குள் இருப்பவருக்குத்தான் பங்கு. பிணமாகக் கிடந்தாலும் உண்டு. ஆனால் இறந்தவர் வெளியே உள்ள கோயிலில் உயிர்பெற்றுத் திரும்ப ஓடி வரலாம் என்று போனால், பூதத்தின் உயிர் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மண்டபக் கதவு மூடிவிடும். அப்புறம் வெளியே நிற்பவருக்கு ஒன்றும் கிடையாது. இது விதி 14.

ரூபன் கடைசி நேரத்தில் விழுந்துவிட்டார். ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்க்க எனக்கு இரண்டு கைதான். அவர் கோயிலுக்குப் போய் ஓடி வந்தார், கதவு மூடிவிட்டது. பூதமோ பதினான்கு மாதம் தராத கோலை இன்றைக்குப் பார்த்துத் தந்தது. என்ன செய்ய முடியும்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

சாளைமீன் குழம்பு, அவசரத்தில் உப்புக் கூடிவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

ரூபன் கில்டு அறையில் "வாழ்த்துகள் அக்கா" என்று போட்டிருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 11, புதன்

லேபில் இன்று கூட்டம். எல்லோருக்கும் காய்ச்சல். ஒரு அம்மாவுக்கு நரம்பே அகப்படவில்லை, மூன்று இடத்தில் குத்தினேன். "ஊசி போட்டுப் பழகுறியளா அம்மா?" என்று கேட்டார்கள். இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். வழக்கமாக ஒரே குத்தில் எடுத்துவிடுவேன்.

மதியம் கில்டு அறையைத் திறந்து பார்த்தால் பேச்சு ரூபனைப் பற்றி ஓடுகிறது. நேற்றுச் சேர்ந்தவன்கூட அப்படி எழுந்து போகமாட்டானே, ரூபன் ஏன் போனார் என்று. விஷயம் இதுதான்: இறந்தவருக்குத் திரை சாம்பல் நிறமாகிவிடும். பூதத்தின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. அதனால் கிடக்கவா, ஓடி வரவா என்று வைத்தியரிடம் தனிச்செய்தியில் கேட்பதுதான் எங்கள் வழக்கம். மற்ற கில்டுகளில் இது கிடையாது. ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்வார்கள், அடித்துக்கொள்வார்கள்.

"கேக்காம எந்திரிச்சிட்டீங்களா அண்ணா?" என்று ஷமீமா கேட்டிருக்கிறாள். ரூபன், "என்ர பிழைதான் தங்கச்சி" என்று பதில் போட்டிருக்கிறார்.

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். அவரே சொல்லிவிட்டார். அவர் கேட்டாரா இல்லையா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. சண்டை உச்சத்தில் இருக்கும்போது எந்தக் கதவு எப்போது மூடும் என்பதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

சாயங்காலம் என் செய்திப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். ஏகப்பட்ட பழைய தனிச்செய்திகள் அடைத்துக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றையும் அழித்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று ஒரு மோதிரம் விழுந்தது. வரிசைப்படி அது தலைவர் பூபதிக்கு. ஷமீமா "வேண்டும்" என்ற பொத்தானை அழுத்திவிட்டாள். மோதிரம் அவள் கையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை இன்னொருவருக்கு மாற்ற இந்த விளையாட்டில் வழியே கிடையாது. அடுத்த நொடியே மைக்கில், "ஐயோ அக்கா, தப்பா அமுக்கிட்டேன், பக்கத்துப் பொத்தான்னு நெனச்சுட்டேன்" என்று அழாத குறை. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற பெண், எண்களைத் தட்டிப் பழகிய விரல். தப்பாக அழுத்தினாளாம். நாளை விசாரணை வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. சண்டைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். யார் எத்தனை அடி அடித்தார், யார் யாரைக் குணப்படுத்தினார் என்று விநாடி விநாடியாக அதில் விழும். ரூபன் இன்று பதினொரு மருந்துக் குப்பி குடித்திருக்கிறார். வைத்தியர் இல்லாதவர்கள் குடிக்கிற சாமான் அது. நான் இருக்கும்போது எதற்கு?

"வீணாக ஏன் குப்பி?" என்று கேட்டு எழுதினேன். "பரவாயில்லை அக்கா, கையில கிடக்கட்டும்" என்றார்.

செப்டம்பர் 16, திங்கள்

விசாரணை முடிந்தது. ஷமீமாவுக்கு மூன்று வாரத் தடை. விதி 9 அப்படித்தான் சொல்கிறது. வேண்டுமென்றே செய்தது, கை தவறியது என்ற பாகுபாடு அதில் இல்லை. நான்தான் அப்படி எழுதினேன். மனசுக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்?

பூபதி கோபிச்செட்டிபாளையத்தில் மோட்டார் பம்பு சரிபார்க்கிறவர். கோபம் என்பதே வராது. "எனக்கு வரவேண்டிய மோதரம்ங்க்கா. நானே போகட்டும்ங்கறேன். உட்ருங்களேன்" என்றார். உங்களுக்கு வரவேண்டியது என்பதற்காக விதி மாறாது என்றேன்.

தீர்ப்பை வாசிக்கப் போகும்போது ரூபன், "ஒண்டு சொல்லலாமோ?" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

"அவ உடனேயே சொன்னவா. ஒளிக்கேல்லை. அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையோ அக்கா?"

மைக்கில் யாரோ வீட்டில் குக்கர் விசில் அடித்தது. "விதியில் அப்படி ஒரு வரி இல்லை" என்றேன். குரல் தெளிவாகத்தான் வந்தது. ஷமீமா "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போனாள்.

எனக்குத் தலைவலி. தைலம் தடவியும் போகவில்லை.

செப்டம்பர் 18, புதன்

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தான் கண்டுபிடித்துவிட்டார். "என்னட்டி, பூதம் எதுவும் கனவுல வந்துச்சா?" என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை. "லேபில வேலை ஜாஸ்தி" என்றேன். அவரிடம் இப்படி நான் சொல்வது வழக்கமில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நான்கு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரும் அரட்டை அடிக்கவில்லை. பூதம் செத்தது, பங்கு பிரித்தோம், "நன்றி அக்கா" என்று ஒழுங்காகச் சொன்னார்கள். முன்னெல்லாம் முடிந்த பிறகும் அரைமணி நேரம் ஒருவரை ஒருவர் கலாய்ப்போம். இன்று ஐந்தே நிமிடத்தில் அறை காலி.

பதிவை எடுத்தேன். இன்று குப்பி குடித்தவர்கள் ஆறு பேர். பூபதியும் அதில் ஒருவர். எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. ஒன்பது வருடம் இந்த ஆட்களை உயிரோடு வைத்திருந்தவள் நான். பூபதிக்கு எழுதிக் கேட்டேன். "சும்மா ஒரு பாதுகாப்புக்குங்க்கா" என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்கக் கை போனது. கேட்கவில்லை.

ஆறு மணிக்கு ரூபனின் செய்தி, கில்டு அறையில் எல்லோருக்கும்: "வேலை கூடிப்போச்சு. கில்டை விட்டு விலகிறன். எல்லாருக்கும் நன்றி." அவ்வளவுதான். ஏழு வருடம் இருந்தவர்.

நிம்மதியாக இருந்தது. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இந்த விளையாட்டில் கில்டுகளுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒரு கில்டை விட்டு வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் முன், பழைய கில்டின் நடுவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்கள். நடுவர் எழுதுவதுதான் கடைசி வார்த்தை. அதை யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை.

இன்று வடக்குவாசல் கில்டின் நடுவர் லோகேஸ்வரியிடமிருந்து கடிதம் வந்தது. மலேசியாவின் ஈப்போக்காரர், கறார் ஆள். எனக்கு அவரைப் பிடிக்கும். கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்.

"வணக்கம். கஜரூபன் எங்களிடம் இடம் கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகள். நேரத்துக்கு வருவாரா? நாக்கை அடக்குவாரா? பங்கில் தகராறு செய்தது உண்டா? மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நீலக்கோல் கைநழுவிய இரண்டே வாரத்தில் விலகியிருக்கிறார். பங்கு கிடைக்காத ஆத்திரத்தில் வந்தவர் என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. அவரிடம் கேட்டால், 'என்ர பிழையால போனது' என்பதற்கு மேல் சொல்ல மறுக்கிறார். பங்குக்குச் சண்டை போடுகிறவரை நாங்கள் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதில் வேண்டும்."

வேலை கூடிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு நாளில் வேறு இடம் தேடுகிறார். பொய் சொல்லியிருக்கிறார் பார் என்று முதலில் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அந்தப் பொய்யால் லாபம் யாருக்கு என்று கணக்குப் பார்த்தேன்.

செப்டம்பர் 25, புதன்

பதில் எழுதிப் பார்த்தேன். "நேரத்துக்கு வருவார். நாக்கை அடக்குவார். எனக்குத் தெரிந்து பங்கில் தகராறு செய்ததில்லை." மூன்று வரி. மூன்றும் உண்மை. ஆனால் படிக்கிறவருக்கு 'எனக்குத் தெரிந்து' என்ற இடம் இடிக்கும். நடுவர் எதையோ நாகரிகமாக மூடுகிறார் என்று லோகேஸ்வரி நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன், ஆளை எடுக்கமாட்டேன்.

அந்த இரண்டு வார்த்தையையும் எடுத்துவிட்டேன். அப்போதும், ஏன் விலகினார் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. கடிதம் போகவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

லேபில் இரண்டு குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, இயந்திரத்தில் வைக்கும் முன் நானே பார்த்துவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்க" என்றார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பூபதியைப் போனில் கூப்பிட்டேன். ஒன்பது வருடத்தில் அவரோடு போனில் பேசுவதும் இதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு ரூபன் விழுந்தப்போ எழுப்பு மந்திரம் என் கையில தயாரா இருந்துச்சு தம்பி. நான் எழுப்பல" என்றேன்.

பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"தெரியுமுங்க்கா."

"எப்படி?"

"பதிவை நீங்க மட்டுமா பாக்கறீங்க? நாப்பது நொடி மந்திரம் சும்மாவே கெடந்துச்சு. அன்னிக்கே நாங்க நாலஞ்சு பேரு பாத்துட்டோம். அக்காவே சொல்லுவாங்கன்னு இருந்தோம். ஷமீமா விசாரணையப்பவாவது சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க."

குப்பிகள் எதற்கு என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. முகமெல்லாம் எரிந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரியப்போவதில்லை. பதிவில் தனிச்செய்தி விழாது. என் பெட்டியை அழித்துவிட்டேன். ரூபனின் பெட்டியில் மட்டும் இருக்கிறது, அவர் அதை எடுத்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டார்.

சொன்னேன். லோகேஸ்வரியின் கடிதம் உட்பட முழுவதையும் சொன்னேன்.

பூபதி கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அதைய எழுதிப் போடாதீங்க்கா. கில்டு ஒடஞ்சு போயிரும். அந்தம்மாவுக்கு நல்லவிதமா நாலு வரி போடுங்க, ரூபனைச் சேத்துக்குவாங்க. அது போதுமுங்க" என்றார். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொல்கிறார். எனக்கும் அது போதும் போலத்தான் இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

லேபுக்கு விடுப்புப் போட்டேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து எட்டரைக்கு அனுப்பினேன். நகலை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள லோகேஸ்வரி, கஜரூபன் நேரத்துக்கு வருவார். நாக்கை அடக்குவார், அடக்கக் கூடாத இடத்திலும் அடக்குவார். பங்கில் அவர் தகராறு செய்யவில்லை. அவர் பங்கை நான் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8 அன்று அவர் மண்டபத்தில் விழுந்தபோது பூதத்தின் உயிர் பத்தில் ஒரு பங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அது என் திரையில் தெரிந்தது, அவர் திரையில் தெரியாது. எங்கள் வழக்கப்படி என்னிடம் கேட்டார். 'அக்கா, கிடக்கட்டோ, ஓடி வரட்டோ?' என்பது அவர் எழுதியது. 'ஓடி வாங்க' என்று நான் பதில் எழுதினேன். கதவு மூடப்போகிறது என்று தெரிந்தே எழுதினேன். அந்தச் சொல்லைத் தட்ட மூன்று நொடி ஆகியிருக்கும். அந்த மூன்று நொடியும் எனக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. அவருக்கு அடுத்து வரிசையில் இருந்தவள் நான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் பெயர் கெடக் கூடாது என்று தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அவரை எடுத்துக்கொள்வதற்கு நீங்கள் தயங்க வேண்டாம். ஹெப்சிபா, இன்று காலைவரை ஆலங்கட்டியின் நடுவர்."

இதே கடிதத்தை எங்கள் கில்டு அறையிலும் ஒட்டினேன். கீழே விதி 3ஐயும் எழுதினேன்: தெரிந்தே இன்னொருவர் பங்கைக் கெடுத்தவருக்கு நடுவர் பதவி உட்பட எந்தப் பதவியும் கிடையாது, பன்னிரண்டு வாரம் சண்டைக்கு வரக் கூடாது. ஷமீமாவுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது, அதை நீக்கும் அதிகாரம் இனி எனக்கில்லை, பூபதி பார்த்துச் செய்யட்டும் என்றும் எழுதினேன்.

பிறகு கணினியை அணைத்துவிட்டுத் துணி துவைத்தேன். எல்லாத் துணியையும் துவைத்தேன், அழுக்கில்லாததையும்.

செப்டம்பர் 28, சனி

கில்டை விட்டு நான்கு பேர் போய்விட்டார்கள். ஒருவர் போகும்போது எனக்கு எழுதியதை இங்கே எழுதவில்லை. அவர் எழுதியதில் தப்பில்லை.

நீலக்கோலை உடைத்துவிடட்டுமா என்று பொதுவில் கேட்டிருந்தேன். ஷமீமா பதில் போட்டிருக்கிறாள். "உடைச்சா அண்ணனுக்கு என்ன வரப்போவுது? உங்க மனசு ஆறும், அவ்ளோதானே. வச்சுக்கிட்டு இருங்கக்கா." பெட்டியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

லோகேஸ்வரியின் பதில் ஒரே வரி. "கிடைத்தது. சேர்த்துக்கொண்டோம்." என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்க வேண்டுமென்று எதிர்பார்த்திருக்கிறேன், அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

அக்டோபர் 10, வியாழன்

புது நடுவர் ஷமீமா. இருபத்தொரு பேர் வாக்களித்தார்கள். எனக்கு வாக்கு கிடையாது. விதி 9ஐத் திருத்துகிறாளாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

நாலு மணி வந்தால் கை தானாக மேசைக்குப் போகிறது. இன்று கோட்டைச் சண்டை. எங்களுக்கும் வடக்குவாசலுக்கும். வருடத்தில் இரண்டு தடவைதான் வரும். போன தடவை நாங்கள் ஜெயித்தோம். மூன்று மணிக்கே இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன், ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன். நாலே முக்காலுக்கு முறுக்கு டப்பாவைத் திறந்து பாதியைக் காலி செய்தேன். அத்தான் பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

ஐந்தரைக்குத் தனிச்செய்தி வந்தது. ரூபன். செப்டம்பர் 9க்குப் பிறகு அவராக எனக்கு எழுதுவது இதுதான்.

"அக்கா, இண்டைக்கு உங்கட ஆக்களை அடிச்சுப்போட்டம். கோட்டை எங்களுக்கு. உங்கட ஆக்கள் நல்லாத்தான் நிண்டவை, வைத்தியர்தான் காணாது. நீங்கள் நிண்டிருந்தால் நாங்கள் கட்டாயம் தோத்திருப்பம்."

அதைப் படித்ததும் நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைக்கமாட்டேன். பதில் எழுதத் தொடங்கினேன். மன்னிப்பு, நன்றி, இன்னும் என்னென்னவோ. நாலைந்து வரி எழுதியிருப்பேன், அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

"மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ. விளையாட்டைப் பற்றின உண்மை, அதைச் சொல்லவேணும் எண்டு சொன்னனான்."

எழுதிய எல்லாவற்றையும் அழித்தேன். "நினைக்கல தம்பி. கோட்டை பிடிச்சதுக்கு வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் வரவில்லை.

அடக்கமுடியாமல் அழுதுவிட்டேன். அத்தான் பேப்பரைப் போட்டுவிட்டு வந்தார். "என்னட்டி, தோத்துட்டியளா?"

"ஆமா அத்தான்."

"பொம்மைச் சண்டையில தோத்ததுக்கா இப்படி அழுத?"

அதற்கு இல்லை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லு என்றார். பூதம், கோல், வரிசை, தனிச்செய்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பாதியில், "அவன் கேக்காமத்தானே எந்திரிச்சுப் போனான்?" என்று அவரே எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல அத்தான். கேட்டாரு. நான்தான் போகச் சொன்னேன்."